கலந்தாய்வு: ஒரு சொல்லின் கல்வி வரலாறு

தமிழகத்தில் மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில் நாளிதழ்களில் மிகுதியாகப் பயின்றுவரும் சொற்களுள் ஒன்று ‘கலந்தாய்வு’. பேச்சு வழக்கில் இதன் இடத்தில் ‘கவுன்சலிங்’ என்னும் ஆங்கிலக் கடன்சொல் வழங்குகிறது. இவ்விடத்தில் இரண்டும் குறிக்கும் பொருள் ஒன்றே: தரவரிசைப்படி மாணவர்க்குக் கல்லூரியில் இடம் வழங்கும் நடைமுறை. ஆனால் கவுன்சலிங் என்பதன் மூலப்பொருள் அறிவுரை கூறி வழிகாட்டுதல் ஆகும். கலந்தாய்வு என்னும் சொல்லின் அமைப்பும் பலர் கலந்து ஆராய்தலையே சுட்டுகிறது. அறிவுரையோ ஆராய்தலோ இன்றியமையாததாக இல்லாத ஒரு நடைமுறைக்கு இவ்விரு சொற்களும் பெயராக நிலைத்தது எவ்வாறு என்பது மொழியியல் வினா மட்டுமன்று. பள்ளி மாணவரைக் கல்லூரிக்கு ஆயத்தப்படுத்தும் பொறுப்பு யாரிடம் இருந்தது, எப்போது கைமாறியது என்னும் வரலாற்று வினாவும் அதனுள் அடங்கியுள்ளது.

பொருள் மாற்றம் நிகழ்ந்துவிட்டது என்பதை உடன்வரும் சொற்கள் காட்டுகின்றன. ‘கவுன்சலிங் கொடுத்தார்கள்’ என்றால் கேட்போர் மனநல அறிவுரை என்று கொள்வர். ‘கவுன்சலிங்கில் கிடைத்தது’ என்றால் கல்லூரி இடம். முன்னதில் ‘கொடு’ என்னும் வினை. பின்னதில் இடவேற்றுமை உருபும் ‘கிடை’ என்னும் வினையும். ‘கவுன்சலிங் சீட்டு’ என்னும் தொடருக்கு எதிர்நிலையில் ‘மேனேஜ்மெண்ட் சீட்டு’ நிற்கிறது. அதாவது, தகுதியால் பெற்ற இடம், பணத்தால் பெற்ற இடம் என்னும் பாகுபாட்டில் கவுன்சலிங் என்பது தகுதியின் மறுபெயராகிவிட்டது. ‘ஆசிரியர் பொது மாறுதல் கலந்தாய்வு’ என்னும் அரசு வழக்கு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அங்கு மாணவரும் இல்லை, வழிகாட்டலும் இல்லை. காலியிடங்களின் பட்டியலும் முன்னுரிமை வரிசையும் மட்டுமே உள்ளன. ஒரு சொல் தன் பழைய சூழலை முற்றிலும் விட்டு நீங்கி வேறொரு சூழலில் அதே பணியைச் செய்யுமாயின், அப்பணியே அதன் பொருள் எனக் கொள்வதில் தடையில்லை.

சொல்லின் கதை இவ்வாறிருக்க, அது குறிக்க வேண்டிய செயலின் கதை இன்னும் பழமையானது. 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகம் தன் வாயிலில் மெட்ரிகுலேஷன் தேர்வை வைத்தது. அதனைக் கடந்தவர்க்கு எஃப்.ஏ. என்னும் அடுத்த தடை. பிற்காலத்தில் இது இன்டர்மீடியட் ஆயிற்று. கணித மேதை இராமானுஜன் மெட்ரிகுலேஷனில் சிறந்து தேறி, உதவித்தொகையுடன் 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தும், கணிதமல்லாத பாடங்களில் தவறியமையால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்று எழுதியபோதும் எஃப்.ஏ.வில் தேறவில்லை. அக்காலக் கல்வியமைப்பில் வாயிற்காவல் இருந்தது. வழித்துணை இல்லை என்பதற்கு இதனினும் அறியப்பட்ட சான்று கிடைப்பது அரிது.

விடுதலைக்குப் பின் இந்நிலை குறித்து இரண்டு குழுக்கள் கருத்துரைத்தன. பன்னிரண்டு ஆண்டுப் படிப்பிற்குப் பின்னரே பல்கலைக்கழகத்தில் நுழைய வேண்டும் என்று இராதாகிருஷ்ணன் குழு (1948–49) கூறியது. ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952–53) இன்டர்மீடியட் படிப்பை நீக்கவும், உயர்நிலைப் பள்ளி முடித்து வருவோர்க்கு ஓராண்டு ஆயத்தப் படிப்பு வைக்கவும் பரிந்துரைத்தது. அப்போது முதலியாரே சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 1956–57இல் அப்பல்கலைக்கழகத்தில் பி.யு.சி. தொடங்கியது. தமிழில் இதற்குப் ‘புகுமுக வகுப்பு’ என்று பெயரிட்டனர். ‘புகுமுகம்’ என்னும் சொல் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் காதலின் தொடக்கக் குறிகளுள் ஒன்றைக் குறிக்க ஆளப்பட்டது. கல்லூரிக் கல்விக்கும் அதற்கும் உறவு யாதுமில்லை எனினும், பெயரிட்டவர் நல்ல தமிழறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

புகுமுக வகுப்பின் உண்மையான பணி பாடத்திட்டத்தில் எழுதப்பட்டதைக் காட்டிலும் பெரிது. பள்ளியில் வரலாறும் அறிவியலும் தமிழில் பயின்ற மாணவர், கல்லூரியில் அவற்றை ஆங்கிலத்தில் கேட்க நேர்ந்தது. 1960இல் கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழி பி.ஏ. வகுப்பு தொடங்கப்பெற்ற பின்னரும் பெரும்பாலான கல்லூரிகளில், சிறப்பாக அறிவியல் துறைகளில், ஆங்கிலமே பயிற்றுமொழியாக நீடித்தது. ஆகவே புகுமுக ஆண்டு என்பது ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கடக்கும் ஆண்டாக அமைந்தது. சிற்றூர்ப் பள்ளியிலிருந்து வந்தவர் கல்லூரி வளாகம், நூலகம், விடுதி, குறிப்பெடுத்தல், ஆங்கில விரிவுரை ஆகியவற்றுக்குப் பழகுவதற்கு அந்த ஓராண்டே கிடைத்தது. அது போதுமானதாக இருந்தது எனக் கூற இயலாது. ஆங்கிலத் தாளில் தவறி அங்கேயே நின்றவர் பலர். எனினும் கல்லூரிக்கு ஆயத்தம் செய்வது கல்லூரியின் கடமை என்னும் கருத்து அவ்வமைப்பில் பொதிந்திருந்தது.

இதே காலத்தில் வழிகாட்டல் இயக்கம் இந்தியாவில் தனியே வளர்ந்துவந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழக உளவியல் துறையில் 1938இலும், அலகாபாத்தில் ஐக்கிய மாகாண அரசின் உளவியல் நிலையத்தில் 1947இலும் இதற்கான பணிகள் தொடங்கின. 1954இல் நடுவண் அரசு தில்லியில் கல்வி, தொழில் வழிகாட்டலுக்கான மைய நிலையத்தை அமைத்தது. பள்ளிகளில் வழிகாட்டும் அலுவலரும் தொழில்வழி ஆசிரியரும் இருத்தல் வேண்டும் என்று முதலியார் குழுவே கூறியிருந்தது. கோத்தாரிக் குழு (1964–66) நாட்டின் பொருள்நிலையை எண்ணிப் பத்துப் பள்ளிகளுக்கு ஓர் ஆலோசகர் என்னும் அளவிற்கு இறங்கிவந்தது. அந்தக் குறைந்த அளவும் நாடு முழுவதற்கும் எட்டவில்லை. கவுன்சலர் என்னும் சொல் ஆசிரியப் பயிற்சி நூல்களில் தேர்வு வினாவாக வாழ்ந்தது. பள்ளிகளில் அப்பெயருடைய ஓர் ஆளைப் பெரும்பாலான மாணவர் கண்டதில்லை. பார்த்தறியாத பொருளின் பெயர் மக்கள் வழக்கில் வேரூன்றுவதில்லை. அச்சொல் வேறொரு பொருளை ஏற்கக் காத்திருந்தது எனலாம்.

1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கி, புகுமுக வகுப்பு நீங்கியது. கர்நாடகத்தில் இரண்டாண்டுப் படிப்பிற்கும் பி.யு.சி. என்னும் பெயர் நிலைத்தது. ஆந்திரத்தில் இன்டர்மீடியட் என்னும் பெயர் தொடர்ந்தது. தமிழகத்தில் பெயர் மட்டுமன்றி இடமும் மாறிற்று. ஆயத்தப் பொறுப்பு கல்லூரியிலிருந்து பள்ளிக்கு வந்தது. தம் ஊரிலோ அண்மையிலோ கூடுதலாகப் பயில முடிந்தமை, குறிப்பாகப் பெண்களுக்கு, பெரும் நன்மையாயிற்று. ஆனால் தமிழ்வழி மாணவர்க்கு மொழி கடக்கும் ஆண்டு என ஒன்று இல்லாமற்போனது. மேல்நிலை இரண்டாண்டும் தமிழிலேயே முடித்து, அடுத்த மாதங்களிலேயே ஆங்கிலவழிப் பொறியியல் வகுப்பில் அமர நேர்ந்தது.

இதனினும் முதன்மையான மாற்றம் ‘குரூப்’ தேர்வு. பத்தாம் வகுப்பு முடித்தவுடன், பதினைந்து அல்லது பதினாறு வயதில், மாணவர் ஒரு பாடப்பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணிதத்தை விட்டவர்க்குப் பொறியியல் ஏறத்தாழ மூடுண்டது; உயிரியலை விட்டவர்க்கு மருத்துவம் மூடுண்டது. தொழிற்கல்விப் பிரிவை ஏற்றவர்க்குப் பல கதவுகள் அடைபட்டன. வாழ்வின் திசையை உறுதிசெய்யும் முடிவு உண்மையில் இங்குதான் எடுக்கப்படுகிறது. பெரும்பாலும் அதனை எடுத்தது பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும், அப்பள்ளியில் எந்தப் பிரிவு உண்டு என்பதும், தலைமையாசிரியரின் ஒரு சொல்லுமே. வழிகாட்டல் மிகவும் வேண்டப்பட்ட இந்நிகழ்வுக்குக் கவுன்சலிங் என்னும் பெயர் வழங்கவில்லை. ‘குரூப் எடுத்தல்’ என்றே அது இன்றும் வழங்குகிறது.

பெயர் சென்று சேர்ந்த இடம் வேறு. 1984இல் தொழிற்கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. 1997இல் பொறியியல் சேர்க்கைக்கு அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச் சாளர முறையைக் கொணர்ந்தது. தரவரிசைப்படி அழைக்கப்பட்ட மாணவர், பெற்றோருடன் சென்னை கிண்டிக்கு வந்தார். அழைப்புக் கடிதத்தைக் காட்டியவர்க்கும் உடன்வரும் ஒருவர்க்கும் பேருந்துக் கட்டணத்தில் பாதிச் சலுகை உண்டு. திரையில் ஒவ்வொரு கல்லூரியிலும் எஞ்சிய இடங்கள் ஓடிக்கொண்டிருக்கும். முறை வந்ததும் சில நிமிடங்களுக்குள் கல்லூரியையும் பாடப்பிரிவையும் கூற வேண்டும். இந்நிகழ்வே ‘கவுன்சலிங்’. செய்தித்தாள்களும் அரசு அறிவிப்புகளும் இதனைக் ‘கலந்தாய்வு’ என மொழிபெயர்த்தன.

இம்முறையின் நேர்மையை மறுத்தற்கில்லை. பரிந்துரைக் கடிதமும் செல்வாக்கும் எட்டாத குடும்பத்துப் பிள்ளை, தன் மதிப்பெண்ணின் வலிமையால் மட்டும் அனைவர் முன்னிலையிலும் விரும்பிய இடத்தைப் பெற முடிந்தது. கவுன்சலிங் என்னும் சொல் பெற்ற மதிப்பு அந்நேர்மையிலிருந்து வந்ததே. ஆனால் வரிசையின் நேர்மை வேறு, தெரிவின் தெளிவு வேறு. மின்னணுவியலுக்கும் மின்னியலுக்கும் உள்ள வேறுபாட்டை வீட்டில் கேட்டறியக்கூடிய பிள்ளையும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி காணும் பிள்ளையும் அதே சில நிமிடங்களை அதே திரையின் முன் கழித்தனர்.

இணையாக நிகழ்ந்த மற்றொரு மாற்றமும் நோக்கத்தக்கது. ‘கட் ஆஃப்’ என்பது ஆங்கிலத்தில் வாயில் அடைபடும் எல்லை மதிப்பெண்ணைக் குறிக்கும். தமிழ்ப் பேச்சில் அது மாணவரின் சொந்தக் கூட்டு மதிப்பெண்ணையும் குறிக்கிறது. ‘உன் கட் ஆஃப் எவ்வளவு?’ என்னும் வினாவில், வாயிலின் அளவு ஆளின் அளவாகிவிட்டது. இரண்டு சொற்களும் ஒரே திசையில் நகர்ந்துள்ளன.

நுழைவுத் தேர்வு 2007இல் நீங்கியது. மருத்துவத்திற்கு 2017 முதல் நீட் தேர்வு நடைமுறைக்கு வந்தது. 2018இல் பொறியியல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியபோது சொல்லின் பொருள் மாற்றம் நிறைவுற்றது. ஒருவரை ஒருவர் காணும் அரங்கும் இப்போது இல்லை. விருப்பப் பட்டியலைப் பதிந்து, ஒதுக்கீட்டை உறுதிசெய்தலே கலந்தாய்வு. ‘கலந்து’ என்பதற்கு எஞ்சியிருந்த நேர்பொருளும் இதனால் தேய்ந்தது.

பழைய பொருளுக்குத் தமிழ் வேறு சொற்களைத் தேடியுள்ளது. இலங்கைத் தமிழில் ‘உளவளத்துணை’, ‘சீர்மியம்’ ஆகியன வழங்குகின்றன. ‘ஆற்றுப்படுத்தல்’ என்பதும் இரு நாட்டிலும் எழுத்து வழக்கில் உண்டு. பத்துப்பாட்டின் ஆற்றுப்படைகளில் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவரே, இனிச் செல்லும் ஒருவர்க்கு வழியையும் வழியிடை ஊர்களையும் எடுத்துரைப்பார். சென்று வந்தவரே சொல்வது என்னும் இக்கூறு, அலுவலர் மேசையிலிருந்து கூறப்படும் அறிவுரைக்கு இல்லாதது. முதல் தலைமுறை மாணவர்க்குக் கல்லூரி சென்று மீண்ட அண்டை வீட்டு அண்ணனும் அக்காவும் இதுகாறும் செய்துவந்த பணியும் இதுவே.

தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டமும் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சியும் 2022இல் தொடங்கியபோது, பள்ளி மாணவர்க்குப் படிப்புகளையும் கல்லூரிகளையும் அறிமுகப்படுத்தும் பணிக்கு ‘உயர்கல்வி வழிகாட்டி’ என்னும் தொடர் ஆளப்பட்டது. ‘கலந்தாய்வு’ என்னும் சொல்லை அதற்குப் பயன்படுத்த இயலாது. அது ஏற்கெனவே வேறு பொருளுக்கு உரியதாகிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் இப்போது வழிகாட்டி நிகழ்ச்சிக்குச் சென்று கேட்கிறார். பிறகு கலந்தாய்வில் பதிகிறார். பதினோராம் வகுப்பின் வாயிலில் மட்டும், ‘குரூப்’ எடுக்கும் அந்த நாளுக்கு, இன்னும் தனிப்பெயர் அமையவில்லை.