பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே

ராத்திரி ஒன்பது மணிக்கு ஊர் மணி அடிக்கும். அதற்குப் பிறகு பெரியவர் துணையில்லாமல் தெருவில் நிற்கிற பையனைப் போலீஸ்காரர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார். 1890களில் அமெரிக்காவின் பல ஊர்களில் இதுதான் சட்டம். 1880இல் நெப்ராஸ்கா மாநிலத்து ஓமஹா நகரம் தொடங்கிவைத்த சிறார் ஊரடங்கு இது. முன்னாள் ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன்கூட இதை ஆதரித்தார்.

பெரியவர்களுக்குப் பயம் வரும்போதெல்லாம் இந்தச் சட்டம் திரும்பி வருகிறது. முதலில், தெருவில் திரிந்த குடியேறிகளின் பிள்ளைகளைப் பார்த்துப் பயம். இரண்டாம் உலகப்போரில், அப்பா போர்முனைக்கும் அம்மா தொழிற்சாலைக்கும் போனபோது மறுபடி. 1990களில், இளைஞர்களிடையே துப்பாக்கிக் கொலைகள் பெருகியபோது இன்னொரு முறை. 1994இல் நியூ ஆர்லியன்ஸ் கொண்டுவந்தது மிகக் கடுமையானது: பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில், வாரநாட்களில் எட்டு மணிக்கே வீட்டுக்குள் இருக்கணும். 1996இல் ஜனாதிபதி கிளிண்டன் அந்த நகருக்கே போய், மற்ற ஊர்களும் இதைப் பின்பற்றலாம் என்றார்.

சரி, குற்றம் குறைஞ்சுதா? குறைந்தது. ஆனா அந்த வருடங்களில் அமெரிக்கா முழுக்கவே குறைந்துகொண்டிருந்தது. மென்பொருள் வேலையில் இது எனக்குப் பழகிய கதை. ஒரு திருத்தத்தை ஏற்றிய அன்றே பயனர் கூட்டமும் குறைந்துவிடும். சர்வர் வேகமானதற்கு நம்ம திருத்தம்தான் காரணம் என்று மார்தட்டிக்கொள்வோம். நியூ ஆர்லியன்ஸின் கணக்கை அலசி 2000இல் வெளியான ஆய்வு, சட்டத்தால் குற்றம் குறைந்ததற்கு ஆதாரம் காணவில்லை. இன்னொரு எளிய விஷயமும் உண்டு: பள்ளி நாட்களில் சிறார் வன்முறை உச்சம் தொடுவது சாயங்காலம் மூன்று மணிக்கு மேல், பள்ளி விட்ட கையோடு.

எதிர்த்தரப்பையும் சொல்லணும். பொருளியலாளர் பேட்ரிக் க்ளைன் 2012இல் பல நகரங்களை ஒப்பிட்டு, சட்டம் வந்தபின் அந்த வயதினரின் கைதுகள் குறைந்ததாகக் காட்டினார். கவனமான ஆய்வுதான். ஆனா கைது என்பது போலீஸ் செய்கிற காரியம். போலீஸ் எங்கே நின்றது, யாரைப் பிடித்தது என்பதும் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறது.

போலீஸை விட்டுவிட்டு, தெருவையே கேட்டால்? வாஷிங்டனில் அதற்கு வழி இருந்தது. துப்பாக்கிச் சத்தத்தைப் பிடிக்கும் ஒலிவாங்கிகளை நகரின் சில பகுதிகளில் பொருத்தியிருந்தார்கள். அப்போது அங்கே ஜூலை, ஆகஸ்டில் நள்ளிரவுக்கு ஆரம்பித்த ஊரடங்கு, செப்டம்பர் பிறந்ததும் வாரநாட்களில் பதினொரு மணிக்கு வந்துவிட்டது. ஜில்லியன் கார், ஜெனிஃபர் டோலியாக் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். ஊரடங்கு முன்னால் நகர்ந்ததும், பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே கேட்ட துப்பாக்கிச் சத்தம் இரண்டரை மடங்காகியிருந்தது.

1961இல் ஜேன் ஜேக்கப்ஸ் எழுதியது இங்கே பொருந்துகிறது. தெருவைக் காப்பது போலீஸ் மட்டுமில்லை. போகிற வருகிறவர்களின் கண்களும்தான். பிள்ளைகளை உள்ளே அனுப்பினால் அந்தக் கண்களில் பாதி போய்விடும். மிச்சமிருக்கும் போலீஸும் வயது விசாரிப்பதில் நேரத்தைச் செலவழிக்கும்.

2016இல் 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வும் குற்றம் குறைந்ததாகச் சொல்லவில்லை. செலவு மட்டும் நிச்சயம்: வேலை முடிந்து தாமதமாக வீட்டுக்கு நடக்கிற பையனை நிறுத்தி விசாரிக்க, அவன் எந்தத் தப்பும் செய்திருக்க வேண்டாம், பதினாறு வயதாக இருந்தாலே போதும். துப்பாக்கியோடு திரிகிறவன் கடிகாரம் பார்ப்பதில்லை.