வயது வந்தோர் பட்டப்படிப்பும் கத்தோலிக்கக் கல்லூரிகளும்



திராட்சைத் தோட்ட உவமையில் (மத் 20:1-16) மாலை ஐந்து மணிக்கும் சந்தை வெளியில் சிலர் நிற்கிறார்கள். ஏன் வேலையின்றி நிற்கிறீர்கள் என்று தோட்ட உரிமையாளர் கேட்க, தங்களை யாரும் அழைக்கவில்லை என்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். படிப்பைப் பாதியில் விட்ட பலரின் நிலையும் இதுதான். திருமணம், குழந்தைகள், கடன், பெற்றோரின் நோய் என்று ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. பிறகு யாரும் அவர்களைத் திரும்ப அழைக்கவில்லை. இத்தகையோரை அமெரிக்காவின் கத்தோலிக்கக் கல்லூரிகள் சில எவ்வாறு அழைத்தன என்பதை இங்கே பார்ப்போம்.

சிகாகோ நகரில் கன்னி மரியாவின் பிறரன்பு அருட்சகோதரிகள் 1930-இல் பெண்களுக்காக மண்டலைன் கல்லூரியைத் தொடங்கினர். படிப்பை இடையில் நிறுத்திய பெண்கள் அதை முடிப்பதற்கென்றே 1965-இல் அங்கு ஒரு தனித் திட்டம் உருவானது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையை வெளியிட்டதும் அதே ஆண்டு அக்டோபர் 28-இல்தான். இளையோரின் கல்வியோடு வயது வந்தோரின் தொடர்கல்வியும் அவசரத் தேவையாகிவிட்டது என்று அவ்வறிக்கை தன் முன்னுரையிலேயே கூறுகிறது. இப்பகுதியை நம் பங்குகளில் யாரும் அதிகம் வாசிப்பதில்லை என்பதே எமது கருத்து.

1974-இல் அச்சகோதரிகள் வாரயிறுதிக் கல்லூரியையும் ஆரம்பித்தார்கள். வாரம் முழுவதும் அலுவலகத்தில் உழைத்தவர்கள் வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை வகுப்புகளில் அமர்ந்தார்கள். பாடம் அதேதான், பட்டமும் அதேதான், நேரம் மட்டுமே மாறியது. ஆனால் அந்த நேர மாற்றந்தான் பலருக்குக் கதவைத் திறந்தது. பணநெருக்கடியால் மண்டலைன் கல்லூரி 1991-இல் இயேசு சபையினரின் லயோலா பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது.

அதே நகரில் வின்சென்சியன் சபையினர் 1898-இல் நிறுவிய டி பால் பல்கலைக்கழகம், 1972-இல் வயது வந்தோருக்கென ஒரு தனிப்பள்ளியைத் தொடங்கியது. (2019-இல் அதன் பெயர் மாற்றப்பட்டது.) வாழ்க்கையிலும் வேலையிலும் கற்றவற்றையும் பட்டத்திற்குரிய தகுதியாக ஏற்பதே அதன் சிறப்பு. இதனைச் சிலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். இருபது ஆண்டுகள் கணக்கு எழுதினேன் என்று சொன்னால் மட்டும் மதிப்பெண் கிடைத்துவிடாது. அந்த வேலையில் எதைக் கற்றுக்கொண்டோம், அதை வேறோர் இடத்தில் எப்படிப் பயன்படுத்துவோம் என்று எழுதி, சான்றுகளோடு பேராசிரியர்கள் முன் நிரூபிக்க வேண்டும். வகுப்பில் உட்கார்ந்து தேர்வு எழுதுவதைவிட இது எளிது என்று எமக்குத் தோன்றவில்லை.

புளோரிடாவில் பெனடிக்ட் சபையினர் 1889-இல் தொடங்கிய செயின்ட் லியோ கல்லூரியோ வேறு வழியை மேற்கொண்டது. 1970-களில் இராணுவ முகாம்களுக்கே சென்று வீரர்களுக்குப் பாடம் நடத்தியது.

இக்கல்லூரிகளில் சேரக் கத்தோலிக்கராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. எனினும் சமயம் அல்லது மெய்யியலில் ஓரிரு பாடங்களை எல்லாரும் படிக்க வேண்டும் என்பது பல இடங்களில் உண்டு.

பிள்ளைகளையோ உறவினரையோ அந்நாட்டில் கொண்டுள்ள குடும்பங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். புனிதரின் பெயர் பலகையில் இருப்பது மட்டும் தரச்சான்று ஆகாது. அங்கீகாரம் வழங்கும் அமைப்பின் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். அடுத்து, கல்லூரியின் நிதிநிலை. ஓக்லாந்தில் 1868 முதல் இயங்கிவந்த ஹோலி நேம்ஸ் பல்கலைக்கழகம் 2023-இலும், பென்சில்வேனியாவின் கப்ரினி பல்கலைக்கழகம் 2024-இலும் மூடப்பட்டன. இளம் மாணவர் வேறு ஊருக்குப் போய்விடலாம். வேலையும் வீட்டுக் கடனும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் உள்ள நாற்பது வயதுத் தாய் எங்கே போவார்? ஆகவே, இதுவரை பெற்ற மதிப்பெண்களை வேறு கல்லூரி ஏற்குமா என்பதைச் சேரும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.