நேஸ்தேயா: வெறும் வயிறு நோன்பான வரலாறு

உண்ணாதிருத்தலைக் குறிக்கும் ‘நேஸ்தேயா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘நோன்பு’ என்று பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பொருள் இலியத், ஒதீசி காப்பியங்களின் கவிஞர் ஹோமரிடம் செல்லாது. அவரிடம் இந்தப் பெயர்ச்சொல்லே கிடையாது. ‘நேஸ்திஸ்’ என்ற அடைச்சொல் மட்டும் உண்டு. எதிர்மறை முன்னொட்டும் ‘உண்’ என்னும் வேரும் சேர்ந்தது அது. சாப்பிடாத ஆள், அவ்வளவுதான்.

இலியத்தின் 19ஆம் காண்டத்தில் நண்பன் பத்ரோக்லுஸை இழந்த அக்கில்லீஸ் உடனே போருக்குக் கிளம்பத் துடிக்கிறான். வெறும் வயிற்றோடு படையை அனுப்பாதே, பொழுது சாயும்வரை எவனாலும் தாக்குப்பிடிக்க முடியாது என்று தடுக்கிறான் ஒதீசியஸ். அவன் வீரர்களைக் குறிக்கச் சொல்லும் சொல் ‘நேஸ்திஸ்’. துக்கத்தால் சோற்றைத் தொடாத அக்கில்லீஸுக்கோ கவிஞர் அதைச் சொல்வதில்லை. ‘அக்மேனோஸ்’, ‘அபஸ்தோஸ்’ என்ற வேறு சொற்களை எடுக்கிறார். ஒதீசியில் மகனை எண்ணி உண்ணாமல் படுத்திருக்கும் ஒதீசியஸின் மனைவி பெனலோப்பிக்கும் அப்படியே. ஆக, பிற்காலத்தில் சமயச் சொல்லான இது, ஹோமரிடம் உடல் உழைப்பின் சொல்லாகவே இருந்தது.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறிவிட்டது. சைரீன் நகரப் பெண்கள் ஐசிஸ் தெய்வத்துக்கு ‘நேஸ்தேயா’ கடைப்பிடித்ததாக வரலாற்றாசிரியர் ஹெரோதோத்துஸ் எழுதுகிறார். ஏதென்ஸில் பெண்கள் மட்டுமே கொண்டாடிய தெஸ்மோபோரியா விழாவின் நடுநாளுக்கு இதுவே பெயர். அன்று அவர்கள் உண்ணாமல் தரையில் அமர்ந்திருப்பார்கள். கி.மு. 414இல் அரங்கேறிய ‘பறவைகள்’ நாடகத்தில், பலிப்புகை வராததால் தேவர்களே தெஸ்மோபோரியா போலப் பட்டினி கிடப்பதாக அரிஸ்தோபனீஸ் கேலி செய்கிறார். ஊரறிந்த சடங்கு என்பதால்தான் அந்தக் கேலி எடுபட்டது.

மருத்துவர்கள் பழைய பொருளை விடவில்லை. இறந்த உடலைத் திறந்தால் பெரும்பாலும் காலியாகவே தென்படும் சிறுகுடல் பகுதிக்கு ‘நேஸ்திஸ்’ என்றே பெயர். இன்றைய ‘ஜெஜூனம்’ அதன் லத்தீன் மொழிபெயர்ப்பு. வயிற்றில் இரை காணப்படாத மடவை மீனுக்கும் இதே பட்டம் கிடைத்தது.

பெரிய திருப்பம் அலெக்சாந்திரியாவில், எபிரேய வேதம் கிரேக்கமானபோது நேர்ந்தது. நோன்பைக் குறிக்கும் ‘சோம்’ என்ற எபிரேயச் சொல்லுக்கு ‘நேஸ்தேயா’ நின்றது. அதன் விளைவைப் புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில் கண்ணெதிரே பார்க்கலாம். பவுலின் கடற்பயணத்துக்குக் காலம் குறிக்க, ‘நேஸ்தேயா கழிந்துவிட்டது’ என்கிறார் ஆசிரியர். யூதர்களின் பாவநிவிர்த்தி நாளைத்தான் சொல்கிறார், விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு புயலில் மாட்டியவர்கள் பதினான்கு நாள் உண்ணாமல் கிடக்கும்போது இந்தச் சொல் வருவதில்லை. ‘அசிதோஸ்’, அதாவது உணவின்றி, என்கிறார். ஒரே அதிகாரத்துக்குள் நோன்பும் பட்டினியும் தனித்தனியாகிவிட்டன.

ஆதித் திருச்சபையின் கையேடான ‘திதாக்கே’ புதனையும் வெள்ளியையும் நோன்பு நாளாக விதித்தது. நாள் வகுத்தபின் பட்டியல் வந்தது: இறைச்சி, பால், முட்டை விலக்கு. இன்றைய கிரேக்கர் தவக்காலத்தில் ஆக்டோபஸும் இறாலும் வயிறார உண்ணலாம், அதுவும் இன்றைய உச்சரிப்பில் ‘நிஸ்தியா’ எனப்படும் நேஸ்தேயாதான். மறுபுறம், இரத்தப் பரிசோதனைக்கு ‘நிஸ்திகோஸ்’ ஆக வாருங்கள் என்று ஆய்வகத்தில் சொன்னால் காலையில் ஒன்றுமே சாப்பிடக் கூடாது.