ஐந்தாற்று நாட்டின் பண்டிகை நாள்கள்

சீக்கியரின் மூன்றாம் குருவான அமர்தாஸ், பதினாறாம் நூற்றாண்டில் பியாஸ் ஆற்றங்கரைக் கோயிந்த்வாலில் 84 படிகள் கொண்ட கிணறு ஒன்றை வெட்டுவித்தார். வைசாகிக்கும் தீபாவளிக்கும் அடியார்கள் அங்கே வந்து கூட வேண்டும் என்றும் வகுத்தார். இரண்டுமே ஊரார் காலங்காலமாகக் கொண்டாடி வந்த நாள்கள்தாம். குரு புது நாள் எதையும் தேடவில்லை. இருந்த நாளுக்குப் புது நோக்கம் ஒன்றைக் கொடுத்தார். பஞ்சாபின் இந்து, சீக்கியப் பண்டிகைகள் எல்லாம் ஒன்றே என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குவது எளிது. எனக்குத் தோன்றுவது வேறு: அங்கே நாள்தான் பொது, காரணம் அவரவர்க்கு உரியது.

வைசாகி, சூரியன் மேஷத்தில் புகும் நாள். நம் சித்திரைப் பிறப்பும் அதே கணக்கில் வருவதுதான். அங்கே கோதுமை அறுவடைக்காலம் அது. இந்துக்களுக்கு ஆற்று நீராடல். 1699-இல் அந்த நாளில்தான் பத்தாம் குரு கோவிந்த் சிங் ஆனந்த்பூரில் கால்சா என்னும் சீக்கிய அமைப்பை நிறுவினார். அன்று குரு கேட்டபோது தலை கொடுக்க முன்வந்த ஐவரில் ஒருவர் லாகூர்க்காரர். மற்றவர்கள் அஸ்தினாபுரம், துவாரகை, புரி, பீதர் என்று வெவ்வேறு திசைகளிலிருந்து வந்தவர்கள் என்பது சீக்கிய மரபு. 1919 ஏப்ரல் 13-க்குப் பிறகு அந்த நாளுக்கு ஒரு துக்கமும் சேர்ந்துகொண்டது. ஜாலியன்வாலா பாக்கில் சுடப்பட்ட கூட்டத்தில், திருவிழாவுக்காக அமிர்தசரஸ் வந்திருந்த கிராமத்தாரும் இருந்தனர்.

தீபாவளியின் கதை இன்னும் சுவையானது. குவாலியர்க் கோட்டையில் ஜஹாங்கீரால் சிறை வைக்கப்பட்ட ஆறாம் குரு ஹர்கோவிந்த், தம்மோடு இருந்த 52 சிற்றரசர்களையும் விட்டால்தான் வெளியேறுவேன் என்றாராம். உம் அங்கியைப் பிடித்துக்கொண்டு வரக்கூடியவர்கள் வரட்டும் என்றது அரசு. குருவோ 52 குஞ்சங்கள் வைத்து ஓர் அங்கி தைத்துக்கொண்டார். ஆளுக்கொரு குஞ்சத்தைப் பற்றியபடி அத்தனை பேரும் வெளியே வந்தனர். சிறை மீட்ட நாள் என்னும் பொருளில் பந்தி சோர் திவஸ் என்ற பெயரோடு தீபாவளியன்று அமிர்தசரஸ் பொற்கோயில் விளக்குகளால் நிறைகிறது. ஊரின் மற்றத் தெருக்களில் இலக்குமி பூசை.

ஹோலிக்கு மறுநாள் ஆனந்த்பூரில் ஹோலா மொஹல்லா. வண்ணப்பொடி இல்லாமல் இல்லை. ஆனாலும் கண் போவது நீல உடை அணிந்த நிஹாங் என்னும் சீக்கிய வீரர்கள் மேல்தான்: உயர்ந்த தலைப்பாகையில் எஃகு வளையங்கள், கையில் ஈட்டி, ஓடும் இரண்டு குதிரைகளின் முதுகில் குதிரைக்கொரு காலூன்றி நிற்கும் துணிச்சல். விளையாட்டு நாளைப் போர்ப்பயிற்சி நாளாக்கியவரும் குரு கோவிந்த் சிங்கே.

லோஹ்ரிக்கு இப்படி இரண்டு காரணம் கிடையாது. நம் போகியை ஒட்டி, ஜனவரி 13 இரவில் தீ மூட்டி, எள்ளும் வெல்லமும் சோளப்பொரியும் இட்டு, எல்லாரும் துல்லா பட்டியைப் பாடுகிறார்கள். அக்பரை எதிர்த்து நின்ற அந்த நாயகன் ஒரு முஸ்லிம்!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பொதுமைக்கு வரப்பு கட்டப்பட்டது. 1873-இல் தோன்றிய சிங் சபா இயக்கம் சீக்கிய வாழ்வைத் தனித்து வகுக்கத் தலைப்பட்டது. இந்துச் சீர்திருத்த இயக்கமான ஆரிய சமாஜத்தோடு வாதம் முற்றியது. நாங்கள் இந்துக்கள் அல்லர் என்பதையே தலைப்பாக்கி 1898-இல் கான் சிங் நாபா நூல் எழுதினார். 1905-இல் பொற்கோயில் வளாகத்திலிருந்து தெய்வ உருவங்கள் அகற்றப்பட்டன. பின்னர் அதே ஊரில் இந்துக்களின் துர்கியானா கோயில் எழுந்தது. அதன் குளமும் நடுவே நிற்கும் பொன்வேய்ந்த மாடமும் பொற்கோயிலின் சாயலிலேயே அமைந்தன. பிரிவினையிலும் கட்டடக் கொத்தனுக்குக் கண் ஒன்றுதான் போலும்.

அங்கேயுள்ள பெரிய அனுமன் சந்நிதியில் நவராத்திரி தோறும் லங்கூர் மேளா. பிள்ளைவரம் கேட்டுப் பெற்றவர்கள் தம் பையனுக்கு வெள்ளிச் சரிகை மின்னும் சிவப்பு உடையும் கூர்ந்த குல்லாவும் அணிவித்து, கையில் ஒரு கோலும் கொடுத்துக் குரங்கு வேடத்தில் அழைத்து வருகிறார்கள். வேடம் உள்ளவரை பையனுக்குச் செருப்பு கிடையாது; தரையில்தான் படுக்கை; கத்தியால் நறுக்கியதைத் தின்னலாகாது. மேளச் சத்தத்துக்கு அந்தச் சிறுவர்கள் துள்ளும்போது தந்தையும் கூடவே ஆடுகிறார்.

வரப்பு கட்டியவர்களுக்குக் கடைசித் தொல்லை பஞ்சாங்கம். கனடாவில் வாழ்ந்த பால் சிங் புரேவால் வகுத்த நானக்ஷாஹி நாள்காட்டியை, குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 2003-இல் ஏற்றது. வைசாகி ஏப்ரல் 14 என்று நிலைபெற்றது. ஆனால் பந்தி சோர் திவஸ், ஹோலா மொஹல்லா, குரு நானக் பிறந்தநாள் மூன்றும் பழைய சந்திரக் கணக்கிலேயே விடப்பட்டன. தீபாவளி ஒரு நாள், பந்தி சோர் இன்னொரு நாள் என்றால் அமிர்தசரஸில் யார் ஒப்புவார்கள்? 2010-இல் வேறு சில நாள்களும் சந்திரக் கணக்குக்கே திரும்பின. பாகிஸ்தானிலும் வெளிநாடுகளிலும் சில குருத்வாராக்கள் 2003-ஆம் ஆண்டு வடிவத்தையே பின்பற்றுவதால், ஒரே குருவின் விழா இன்று ஊருக்கு ஊர் வெவ்வேறு தேதியில் வருவதும் உண்டு.