106-க்கு 7, அதுக்கப்புறம் 272: வாலை ஏன் வெட்ட முடியல?

இன்னைக்கு ஒரே ஒரு ஸ்கோர்கார்டை வச்சுப் பேசப்போறோம். 2024 மார்ச் 3, மும்பை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் மைதானம். ரஞ்சி டிராபி செமி ஃபைனல், தமிழ்நாடும் மும்பையும். முதல் நாள் நம்ம ஆளுங்க 146-க்கு ஆல் அவுட். ஆனா இரண்டாவது நாள் சாய் கிஷோர் சுழற்றிய சுழலில் மும்பை 106-க்கு 7. ரஹானே போயாச்சு, ஷ்ரேயஸ் போயாச்சு. இன்னும் மூணு விக்கெட்தான்.

அந்த மூணு விக்கெட் சேர்த்த ரன் 272.

எட்டாவது விக்கெட்டுக்கு ஷர்துல் தாக்கூரும் ஹர்திக் தாமோரேயும் 105. ஒன்பதாவதுக்கு தாக்கூரும் தனுஷ் கோட்டியனும் 79. கடைசி விக்கெட்டுக்குக் கோட்டியனும் துஷார் தேஷ்பாண்டேவும் 88. மும்பை 378. தாக்கூர் 109, பத்தாவதாக இறங்கிய கோட்டியன் 89 நாட் அவுட். நம்ம இரண்டாவது இன்னிங்ஸ் 162. இன்னிங்ஸ் மற்றும் 70 ரன்னில் தோல்வி, மூணே நாளில் ஆட்டம் முடிந்தது.

தமிழ்நாடு ரஞ்சி கோப்பையை ஜெயிச்சது ரெண்டே தடவை: 1954-55, அப்புறம் 1987-88. இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற உங்கள்ல பாதிப் பேர் அப்போ பிறந்திருக்கவே மாட்டீங்க. 2003, 2004 ரெண்டு வருஷமும் ஃபைனல் வரைக்கும் போய் இதே மும்பைகிட்டதான் தோத்தோம். ஏழு வருஷத்துக்கு அப்புறம் ஒரு செமி ஃபைனல் கிடைச்சு, அது 106-க்கு 7 என்ற இடத்துக்கு வந்து, அங்கிருந்து நழுவினதுதான் வலிக்குது.

தோல்விக்குப் பிறகு பேச்சு முழுக்க டாஸ் பத்தித்தான். டாஸ் ஜெயிச்சு பேட்டிங் எடுத்தது தப்பு என்று கோச் சுலக்‌ஷன் குல்கர்ணியே வெளிப்படையாச் சொன்னார். கேப்டனை இப்படிக் கைவிடலாமா என்று தினேஷ் கார்த்திக் அவரைக் கண்டித்தார். என்னைக் கேட்டா, டாஸ் அந்த 146-க்குக் காரணமா இருக்கலாம், ஆனா இந்த 272-க்கு அது பதில் ஆகாது. அந்த 272-க்கான பதில் கிரிக்கெட் வரலாற்றில்தான் இருக்கு.

வால் என்ற பெயரே ஏமாத்துது

முதல்ல ஒரு பழைய ஆளைப் பார்ப்போம். பி.எஸ். சந்திரசேகர். டெஸ்டில் 242 விக்கெட், 167 ரன். எடுத்த ரன்னை விட விக்கெட் அதிகம். நியூசிலாந்தின் கிறிஸ் மார்ட்டினும் அப்படித்தான்: 233 விக்கெட், 123 ரன். இவங்க வந்தா எதிரணி பவுலர்கள் சந்தோஷப்பட்டதில் நியாயம் இருந்தது.

இப்போ நம்ம அஸ்வினை எடுத்துக்குங்க. 537 விக்கெட் எடுத்தவர், 3503 ரன்னும் 6 சதமும் அடிச்சிருக்கார். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிரா எட்டாவதா இறங்கி 106. கடைசி விக்கெட்டுக்கு சிராஜ் துணையோட 49 ரன். அஸ்வின் சதம் அடிச்சதும் அவரை விட சிராஜ் அதிகமா குதிச்சது ஞாபகம் இருக்கும். 2024 செப்டம்பரில் அதே மைதானம், எதிரணி பங்களாதேஷ். 144-க்கு 6 என்று இருந்த இந்தியாவை ஜடேஜாவோட சேர்ந்து 199 ரன் கூட்டணியில் தூக்கினார். அவர் எடுத்தது 113. இவரையும் 'லோயர் ஆர்டர்' என்ற அதே பெட்டியில்தான் போடுறோம்.

மும்பை கதையும் இதுதான். செமி ஃபைனலுக்கு முந்தைய ஆட்டம் பரோடாவுடன் கால் இறுதி. பத்தாவதா வந்த கோட்டியன் 120 நாட் அவுட், பதினொண்ணாவதா வந்த தேஷ்பாண்டே 123. கடைசி விக்கெட்டுக்கு 232 ரன். முதல்தர கிரிக்கெட்டில் பத்தாவது, பதினொண்ணாவது ஆட்டக்காரர்கள் ஒரே இன்னிங்ஸில் சதம் அடிச்சது அதுக்கு முன்னாடி ஒரே தடவை. 1946-இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக ஓவல் மைதானத்தில் சந்து சர்வதேவும் ஷூட் பானர்ஜியும் சர்ரே அணிக்கு எதிரா 249 சேர்த்தாங்க. 78 வருஷம் கழிச்சு அதைத் திரும்பச் செஞ்ச ரெண்டு பேர், சில நாள் இடைவெளியில் நம்ம முன்னாடி வந்து நின்னாங்க. ஸ்கோர்போர்டு மட்டும் '7 விக்கெட் போச்சு' என்று சொல்லுது. நம்ம மனசு அதை 'முடிஞ்சது' என்று வாசிக்குது.

இந்த மாற்றம் எப்போ வந்தது?

ஹெல்மெட் வந்ததுதான் பெரிய திருப்பம். டெஸ்டில் முதல்முதலா முழு ஹெல்மெட் போட்டு இறங்கினவர் ஆஸ்திரேலியாவின் கிரஹாம் யாலப், 1978-இல். அதுக்கு முன்னாடி பதினொண்ணாவது ஆளுக்கு பேட்டிங் என்பது உயிர் பயம்.

மிகையாச் சொல்லலை. 1975 பிப்ரவரி, ஆக்லாந்து. நியூசிலாந்தின் கடைசி ஆள் யூவன் சாட்ஃபீல்டுக்கு அது முதல் டெஸ்ட். அவரும் ஜெஃப் ஹோவர்த்தும் அவுட் ஆகாம இங்கிலாந்தைக் காக்க வச்சாங்க. பீட்டர் லீவர் ஒரு பவுன்சர் போட்டார். பந்து சாட்ஃபீல்டின் நெற்றிப்பொட்டில் பட்டு, இதயம் நின்னுபோச்சு. இங்கிலாந்தின் பிசியோ பெர்னார்ட் தாமஸ் மைதானத்திலேயே முதலுதவி செஞ்சு அவரைப் பிழைக்க வச்சார். லீவர் மைதானத்தில் அழுதார்.

அந்த நிகழ்ச்சியில் இன்னொரு விஷயமும் இருக்கு. கடைசி ஆள் அவுட் ஆக மாட்டேன்றப்போ பவுலருக்கு வர்ற எரிச்சல். அதை அப்புறம் சொல்றேன்.

ஹெல்மெட்டுக்குப் பிறகு விதியும் மாறியது. 1991-இல் ஓவருக்கு ஒரு பவுன்சர்தான் என்று ஐசிசி கட்டுப்படுத்தியது. 1994-இல் அது ரெண்டானது. பயம் குறைஞ்சா கால் பின்னாடி போகாது. கால் போகலைன்னா பந்தைப் பார்க்க முடியும். அதோட, இப்போ எல்லா அணியும் பவுலர்களை வலையில் மணிக்கணக்கா பேட்டிங் பண்ண வைக்குது. டி20 வந்த பிறகு எட்டாவது ஆளுக்கும் சிக்ஸர் அடிக்கத் தெரிஞ்சாத்தான் ஐபிஎல் அணியில் இடம்.

பந்து வீசுற பக்கம் என்ன நடக்குது?

மூணு விஷயம். முதலாவது, பந்து பழசு. டெஸ்டிலும் ரஞ்சியிலும் 80 ஓவர் முடிஞ்சாத்தான் புதுப் பந்து. வால் வர்ற நேரம் பெரும்பாலும் பந்து மெத்துன்னு இருக்கும், பவுலர் களைச்சிருப்பார்.

ரெண்டாவது, ஃபீல்டு. ஒரு பக்கம் செட் ஆன பேட்ஸ்மேன், இன்னொரு பக்கம் கடைசி ஆள். உடனே கேப்டன் ஒன்பது பேரையும் பவுண்டரிக்கு அனுப்பி, "இந்தா சிங்கிள், அந்தப் பக்கம் போ" என்பார். அதாவது ஒருத்தரை அவுட் ஆக்கும் எண்ணத்தையே கைவிட்டாச்சு. 2019 பிப்ரவரி, டர்பனில் இலங்கைக்கு இலக்கு 304. ஒன்பதாவது விக்கெட் 226-இல் போனது. குசல் பெரேராவும் விஷ்வ பெர்னாண்டோவும் 78 சேர்த்து ஜெயிச்சாங்க. பெரேரா 153, பெர்னாண்டோ வெறும் 6. ஆனா அந்த 6 ரன்காரரை தென்னாப்பிரிக்காவால் அசைக்க முடியல.

இப்போ நான் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் உட்கார்ந்து இதைப் பதிவு பண்றேன். காவலூர் வானாய்வகம் இருக்கிற அதே மலை. சாயங்காலம் இங்கே பசங்க டென்னிஸ் பந்தில் ஆடுறதை ரெண்டு நாளாப் பார்த்தேன். நல்லா அடிக்கிறவன் நிக்கிறான்னா எல்லாரும் சரிவுக்குக் கீழே ஓடி நிக்கிறாங்க. பந்து உருண்டா எடுத்துட்டு வர்றதுக்குள்ள நாலு ரன் என்ற பயம். அப்போ பிட்ச் பக்கத்தில் கேட்ச் பிடிக்க ஆள் இல்லை. டர்பனில் நடந்ததும் இதேதான்.

மூணாவது, எரிச்சல். 2021 ஆகஸ்ட், லார்ட்ஸ். இந்தியா இரண்டாவது இன்னிங்ஸில் 209-க்கு 8. ஷமி, பும்ரா. முந்தைய இன்னிங்ஸில் ஆண்டர்சனுக்கு பும்ரா பவுன்சராப் போட்ட கோபம் இங்கிலாந்துக்கு. ஸ்டம்ப்பை விட்டுட்டு உடம்பைக் குறி வச்சாங்க. ரெண்டு பேரும் அவுட் ஆகாம 89 ரன். இந்தியா 298-இல் டிக்ளேர் செஞ்சு, இங்கிலாந்தை 120-க்குச் சுருட்டியது.

வெட்டினவங்க எப்படி வெட்டினாங்க?

பதில் நம்ம சேப்பாக்கத்திலேயே இருக்கு. 1999 ஜனவரி 31. பாகிஸ்தானுக்கு எதிரா இலக்கு 271. டெண்டுல்கர் 136-இல் அவுட் ஆனப்போ ஸ்கோர் 254, இன்னும் 17 ரன், கையில் 3 விக்கெட். வாசிம் அக்ரம் மாட்டியிருக்கலாம், ஆனா மாட்டல. கும்ப்ளே எல்பிடபிள்யூ, ஜோஷி பவுலர் கையிலேயே கேட்ச், ஸ்ரீநாத் போல்டு. மூணுமே ஸ்டம்ப்புக்கு நேரா தாக்கினதில் வர்ற விக்கெட். 4 ரன்னில் கதை முடிஞ்சது, 12 ரன்னில் தோல்வி. சேப்பாக்கம் எழுந்து நின்னு பாகிஸ்தானுக்குக் கைதட்டியது.

அதே மைதானத்தில் 1986-இல் கடைசி ஆள் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆகி டெஸ்ட் டை ஆனது. அதே மணிந்தர், 1991-92 ரஞ்சியில் அஜய் ஷர்மாவோட கடைசி விக்கெட்டுக்கு 233 சேர்த்தார். பம்பாய்க்கு எதிரா! ஆள் ஒருத்தர்தான். அவருக்கு எப்படிப் பந்து போட்டாங்க, எவ்வளவு நேரம் கொடுத்தாங்க என்பதுதான் வித்தியாசம்.

அதனால 106-க்கு 7 என்பதை நான் இப்படிப் பார்க்கிறேன். ஏழு விக்கெட் எடுத்ததுக்கு மார்க் உண்டு, ஆனா எட்டாவது விக்கெட் தானா விழாது. முதல் ஆளுக்கு வச்ச ஸ்லிப்பும், முதல் ஆளுக்குப் போட்ட திட்டமும் பத்தாவது ஆளுக்கும் வேணும். ஃபைனலிலும் மும்பை 111-க்கு 6 என்று இருந்தப்போ இதே தாக்கூர் 75 அடிச்சு 224-க்குக் கொண்டு போனார். மும்பை 42-ஆவது கோப்பையைத் தூக்கியது. நம்ம கணக்கு இன்னும் ரெண்டிலேயே நிக்குது.

அடுத்த ரஞ்சி சீசனில் தமிழ்நாடு எதிரணியோட ஏழாவது விக்கெட்டை எடுக்கும்போது, கைதட்டிட்டு உடனே ஃபீல்டைப் பாருங்க. ஸ்லிப் நிக்குதா, இல்ல எல்லாரும் பவுண்டரிக்குப் போயாச்சா என்று கவனிச்சு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.