வாப்பாவுக்குத் தெரியாமல் பறக்கப் பழகிய பெண்



கொஞ்சம் நீளமான பதிவு. பெண் பிள்ளைகள் உள்ள வாப்பாமார் கடைசி வரை வாசித்தால் சந்தோசப்படுவேன்.

போன கிழமை பாடசாலை விட்ட பிறகு, சாதாரண தரம் எழுதப் போகும் ஒரு மாணவி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சேர், பைலட் ஆகுறதுக்கு உயர்தரத்துல என்ன பிரிவு எடுக்கணும்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். போகும்போது திரும்பி நின்று இன்னொன்றும் சொன்னாள்.

"இத எங்கட வாப்பாக்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க சேர்."

அவளிடம் கேட்டுவிட்டுத்தான், அடையாளம் தெரியாதபடி இதை எழுதுகிறேன். யார் என்று தேட வேண்டாம். எல்லா வகுப்பிலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள். நான் வரலாறு படிப்பிக்கிறவன். அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது 90 வருடங்களுக்கு முன் கெய்ரோவில் வாழ்ந்த ஒரு பெண். அவளுடைய வாப்பாவுக்கும் தெரியாது.

பெயர் லுத்பிய்யா நாதி. 1907 இல் கெய்ரோவில் பிறந்தவர். வாப்பா அரசாங்க அச்சகத்தில் வேலை செய்தவர். மகள் ஆரம்பக் கல்வியோடு நின்றால் போதும், பிறகு கலியாணம், குடும்பம் என்பது அவருடைய எண்ணம். உம்மாவின் எண்ணம் வேறு. மகள் மேலே படிக்க வேண்டும் என்று நின்றவர் அவர்தான்.

அந்தக் காலத்து எகிப்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெயருக்குச் சுதந்திர நாடு. ஆனால் பிரித்தானியப் படை அங்கேதான் இருந்தது. 1930 ஜனவரி 26 ஆம் திகதி முஹம்மத் ஸித்கி என்ற எகிப்தியர் ஜேர்மனியின் பேர்லின் நகரிலிருந்து சின்ன விமானமொன்றைத் தனியாக ஓட்டிக்கொண்டு கெய்ரோவில் வந்து இறங்கினார். நம்மவர் ஒருவரும் விமானம் ஓட்டலாம் என்று நாடே கண்ணால் கண்டது அன்றுதான். அந்த நாளை எகிப்தியர் இன்றும் விமானப் போக்குவரத்து தினமாக நினைவுகூருகிறார்கள்.

அடுத்து 1932 இல் 'மிஸ்ர் ஏர்வர்க்' என்ற கம்பனி உருவானது. மிஸ்ர் வங்கியை ஆரம்பித்த தல்அத் ஹர்ப் அதற்குப் பின்னால் இருந்தார். இன்றைய 'ஈஜிப்ட் எயார்' அதன் தொடர்ச்சிதான். கெய்ரோவுக்குப் பக்கத்தில் அல்மாஸா விமானத் தளத்தில் உள்ளூர்வாசிகளுக்கு விமானம் ஓட்டப் பழக்கும் பாடசாலையும் தொடங்கியது. இந்தச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்தார் லுத்பிய்யா.

ஆசை வந்துவிட்டது. கையில் காசு இல்லை. வாப்பாவிடம் கேட்கவும் முடியாது. என்ன செய்தார் தெரியுமா? நேராக அந்தக் கம்பனியின் பணிப்பாளர் கமால் உல்வியைச் சந்தித்தார். "எனக்குப் படிக்க வேண்டும், கட்டணம் கட்ட வசதியில்லை" என்ற நிலையைச் சொன்னார். ஒரு எகிப்தியப் பெண் படித்தால் பாடசாலைக்கும் நல்ல பெயர் வரும் என்று உல்விக்குப் பட்டது. முடிவில் லுத்பிய்யாவுக்கு அங்கேயே வேலை கிடைத்தது. தொலைபேசிக்குப் பதில் சொல்வது, செயலாளர் வேலை பார்ப்பது. அந்த உழைப்புத்தான் கட்டணம்.

வீட்டில் வாப்பாவிடம் சொன்னது, கிழமைக்கு இரண்டு தரம் படிப்பு வட்டத்துக்குப் போகிறேன் என்று.

வகுப்பில் இருந்த பெண் அவர் ஒருவர்தான். 67 நாட்களில் பயிற்சியை முடித்தார். 1933 செப்டெம்பர் 27 ஆம் திகதி அனுமதிப்பத்திரம் கிடைத்தது. இலக்கம் 34. எகிப்தின், அரபுலகின் முதல் பெண் விமானி என்று வரலாறு அவரைக் குறித்து வைத்திருக்கிறது. அப்போது அவருக்கு 25 வயது. நம் நாட்டில் இரத்மலானை விமான நிலையமே 1935 இல்தான் வந்தது என்பதை வைத்து அந்தக் காலத்தைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகைகளில் படம் வந்தது. வாப்பாவும் பார்த்தார். கடும் கோபம். யாருக்குத்தான் வராது? மகள் பொய் சொல்லியிருக்கிறாள். அதுவும் உயிரைப் பணயம் வைக்கும் காரியத்துக்கு.

லுத்பிய்யா வாதாடவில்லை. வாப்பாவைத் தன் விமானத்தில் ஏற்றி, கெய்ரோவுக்கும் பிரமிட்டுகளுக்கும் மேலால் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார். அதன் பிறகு வாப்பாவின் பக்கமிருந்து தடை இல்லை. மகளுக்குப் பெரிய துணையாகவே அவர் மாறினார்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். வாப்பாவிடம் பொய் சொன்னது சரி என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்க நான் வரவில்லை. எனது கேள்வி பெரியவர்களிடம்தான். உண்மையைச் சொன்னால் கதவு அடைபடும் என்று அந்தப் பிள்ளை ஏன் நினைத்தாள்? 90 வருடம் கழித்து நமது ஊரில் இன்னொரு பிள்ளை ஏன் அதையே நினைக்கிறாள்?

கதை இன்னும் முடியவில்லை. இனி வருவதைப் பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும்.

அதே வருடம் டிசம்பரில் கெய்ரோவிலிருந்து அலெக்சாந்திரியாவுக்கு ஒரு சர்வதேச விமானப் போட்டி. லுத்பிய்யா கலந்துகொண்டார். முடிவிடத்துக்கு முதலில் வந்ததும் அவர்தான். ஆனால் வெற்றி கிடைக்கவில்லை. கட்டாயம் மேலால் பறந்து காட்ட வேண்டிய இரண்டு அடையாள இடங்களில் ஒன்றைத் தவறவிட்டிருந்தார். முயற்சிக்காக 200 எகிப்திய பவுண் பரிசும் மன்னர் புஆதின் வாழ்த்தும் கிடைத்தன. பெண் கல்விக்காக உழைத்த ஹுதா ஷஃராவி அம்மையார் அவருக்கு விமானம் வாங்கப் பணம் திரட்டினார். ஆனாலும் போட்டியின் முடிவு மாறவில்லை.

விமானத் தொழிலின் அரைவாசிப் பாடம் இதற்குள் இருக்கிறது. வேகமும் துணிச்சலும் இரண்டாவது. சொன்ன ஒழுங்கில் சொன்னதைச் செய்வதுதான் முதலாவது. இன்றும் விமானிகள் ஆயிரம் தரம் ஓட்டிய விமானத்தில் ஏறினாலும் பட்டியலைக் கையில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார்கள்.

இன்னொன்று. லுத்பிய்யா சுமார் ஐந்து வருடம் பறந்தார். விபத்தொன்றில் முதுகில் அடிபட்ட பிறகு நிறுத்தினார். பயணிகள் விமானத்தின் விமானியாக அவர் வேலை பார்க்கவில்லை. அனுமதிப்பத்திரம் வேறு, தொழில் வேறு. அமெரிக்காவில் எமிலி வார்னர் என்ற பெண் விமானப் பயிற்றுநராக 7000 மணித்தியாலத்துக்கு மேல் பறந்திருந்தும், ஒரு விமானக் கம்பனி அவரை விமானியாக எடுத்தது 1973 இல்தான். லுத்பிய்யாவின் அனுமதிப்பத்திரத்துக்கும் அதற்கும் இடையில் 40 வருடம்.

சரி, இன்று பாதை எப்படி இருக்கிறது? மாணவியிடம் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

1944 இல் சிக்காகோவில் நாடுகள் கூடிச் செய்த ஒப்பந்தத்தின் கீழ் விமானிகளின் தகுதிக்கு உலகப் பொது விதிகள் உண்டு. நம் நாட்டில் அனுமதிப்பத்திரம் வழங்குவது சிவில் விமான சேவை அதிகாரசபை. படிகள் மூன்று. முதலாவது தனியார் விமானி அனுமதிப்பத்திரம். 17 வயது, குறைந்தது 40 மணித்தியாலப் பறப்பு. இதை வைத்துச் சம்பளத்துக்கு ஓட்ட முடியாது. இரண்டாவது வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம். 18 வயது, பொதுவாக 200 மணித்தியாலம். அங்கீகாரம் பெற்ற முழுநேரப் பாடநெறி என்றால் 150. மூன்றாவது, பெரிய பயணிகள் விமானத்தின் கப்டனுக்குத் தேவையானது. 21 வயது, 1500 மணித்தியாலம்.

மணித்தியாலம் மட்டும் போதாது. விமானச் சட்டம், வானிலை, வழிகண்டறிதல், பறப்பின் பௌதிகம் என்று எழுத்துப் பரீட்சைகள் உண்டு. கண்ணால் வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி தனி. வேலைக்குப் போனால் அந்த வகை விமானத்துக்கென்று இன்னொரு பயிற்சி. ஆங்கிலத்தில் ஆறு மட்டங்கள் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் பறப்புக்கு நான்காவது மட்டமாவது வேண்டும். இவை எதிலும் ஆண், பெண் என்று ஒரு வித்தியாசமும் கிடையாது.

வாப்பாமாரே, இப்போது காசு விசயம். இது செலவு கூடிய படிப்பு. பிள்ளையின் ஆசைக்காக வயலை விற்று, உம்மாவின் நகையை அடகு வைத்து, முதல் நாளே மொத்தக் கட்டணத்தையும் கட்டிவிடாதீர்கள். முதலில் முதலாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையைச் செய்யுங்கள். கண், காது, இதயம், நிறம் பிரித்தறியும் ஆற்றல் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போடுவது மட்டும் தடையில்லை. ஆனால் நிறக்குருடு போன்றவை பெரும் தடையாகலாம். அது கட்டணம் கட்டிய பிறகு தெரியவந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். இரண்டாவது, பயிற்சி நிலையத்துக்கு அதிகாரசபையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று நீங்களே விசாரியுங்கள். விளம்பரத்தை நம்பாதீர்கள். மூன்றாவது, 200 மணித்தியாலம் முடித்தவுடன் வேலை காத்திருக்கும் என்று யாராவது சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள்.

இதற்கெல்லாம் முந்திய ஒரு படி இருக்கிறது. அதற்குக் காசு தேவையில்லை. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம். உயர்தரத்தில் பௌதிகவியலும் கணிதமும் எடுத்தால் கை கொடுக்கும். நாளை விமானி ஆகாவிட்டாலும் விமானப் பொறியியல், வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு என்று வேறு வாசல்கள் அதே பாடங்களால் திறக்கும். எதுவுமே சரிவராவிட்டாலும் அந்தப் படிப்பு வீண்போகாது.

லுத்பிய்யா 2002 இல் தனது 95 ஆவது வயதை நெருங்கும்போது காலமானார். அவரை முதன்முதலில் படிக்க விட்டது உம்மா. வேலையும் வகுப்பும் கொடுத்தது ஒரு பணிப்பாளர். வாப்பா வந்து சேர்ந்தது கடைசியில். அவர் முதலிலேயே கேட்டிருந்தால், மகளின் முதல் தனிப் பறப்பைத் தரையில் நின்று பார்த்திருப்பார். அந்த நாள் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

அந்த மாணவிக்கு நான் ஒரு வீட்டுவேலை கொடுத்திருக்கிறேன். இந்தப் பதிவை வாப்பாவின் போனில் எடுத்து அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். தன் ஆசையைச் சொல்லப் பயமாக இருந்தால், லுத்பிய்யாவின் கதையை மட்டுமாவது.

இன்றிரவு உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இதை வாசிக்கத் தொடங்கினால், போனைப் பறிக்காமல் முழுக்கக் கேளுங்கள் வாப்பாமாரே. "உனக்கு என்ன படிக்க ஆசை மகள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மீதியை, இன்ஷா அல்லாஹ், பாடசாலைக்கு வாருங்கள், சேர்ந்து பேசுவோம்.