பாட்டுப் பெட்டியை மாற்றும் முன்



பழைய எம்பி3 பிளேயரை என்ன செய்வது என்று இந்த மாதம் மட்டும் உங்களில் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சார்ஜ் நிற்பதில்லை, பட்டன் அழுந்துவதில்லை. புதிதாக ஒன்று வாங்குவதா, போனிலேயே பாட்டுக் கேட்டுக்கொள்வதா, பழையதைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்பது கேள்வி. தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்தால் கதை 1931-க்குப் போய்விட்டது. வகுப்பிலும் நான் அப்படித்தான் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுமையாகப் படியுங்கள்.

நம் யானைக்கவுனியின் பெயரில் இருக்கும் கவுனி இன்று இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1758-59-இல் கோட்டையை முற்றுகையிட்டுவிட்டுப் போன பிறகு, கருப்பர் நகரத்தைக் காக்கக் கம்பெனியார் மதில் எழுப்பினார்கள். அந்த மதிலில் இருந்த வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. மதிலுக்காகப் போட நினைத்த வரியின் பெயர் வால்டாக்ஸ் சாலையில் ஒட்டிக்கொண்டது. மதில் போனது, வாசல் போனது, பெயர் மட்டும் நிற்கிறது.

அந்த வால்டாக்ஸ் சாலை வழியாக 1931-இல் ஒரு பெட்டி வந்தது. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' பம்பாயில் எடுக்கப்பட்டது. அதன் படச்சுருள் சென்ட்ரல் ஸ்டேஷனில் வந்து இறங்கியதும், கினிமா சென்ட்ரல் தியேட்டர் வரை ஜனங்கள் அதன் பின்னாலேயே ஊர்வலமாகப் போனார்களாம். பூ தூவினார்கள், தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள் என்று சினிமா வரலாறு எழுதியவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். படம் அக்டோபர் 31-ஆம் தேதி வெளியானது. அதில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், பாடினார். ஒரு நிழல் வாய் திறந்து நம் மொழியில் பாடுவதை ஜனங்கள் முதல்முறையாகக் கேட்டார்கள்.

அத்தனை கொண்டாட்டமாக வரவேற்ற அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று கிடையாது. அதைப் பற்றி எழுதியவை மிஞ்சின. குரல் மிஞ்சவில்லை.

இன்னொன்றும் நம் பக்கத்தில் நடந்ததுதான். ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ண செட்டித் தெருவில் வீணை தனம்மாள் வாழ்ந்தார். 1867-இல் பிறந்தவர், 1938-இல் மறைந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் வாசிக்கும்போது பெரிய பெரிய வித்வான்கள் வந்து மூச்சுவிடாமல் கேட்பார்களாம். ஆனால் இன்று நம் காதுக்குக் கிடைப்பது முதிய வயதில் அவர் கொடுத்த சில இசைத்தட்டுகள் மட்டும்தான். அந்தக் காலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் பிடிக்கும். எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் சில நிமிடங்கள் நமக்கு வந்தன. தட்டில் ஏறியது நின்றது, ஏறாதது காற்றோடு போயிற்று.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

1963-இல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டுவந்தது. இசைத்தட்டுக்கும் கேசட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இசைத்தட்டில் கம்பெனிதான் பதிய முடியும். கேசட்டில் நீங்களும் நானும் பதியலாம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் டூ-இன்-ஒன் வாங்கி வந்தபோது, வீட்டுக்கு வீடு ஒரு பதிவு நிலையம் வந்த மாதிரி ஆயிற்று. கடிதம் எழுதத் தெரியாத அம்மாக்கள் கேசட்டில் பேசி அனுப்பிய காலம் அது.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்த நம் ஜனங்களுக்காகக் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே பர்மா பஜார் உருவானது. துறைமுகத்தை ஒட்டிய இடம். கப்பலில் வந்தது, 'குருவி'கள் விமானத்தில் கொண்டுவந்தது எல்லாம் அங்கே கிடைக்கும். சோனி வாக்மேனை நான் முதலில் பார்த்ததும் அங்கேதான். ஜப்பானில் 1979 ஜூலை 1-ஆம் தேதி விற்பனைக்கு வந்த பொருள் அது. அதன் விலை 33,000 யென். பத்திரிகையாளர்கள் பேட்டி பதிவு செய்யப் பயன்படுத்திய சிறிய டேப் ரெக்கார்டரைத்தான் சோனி மாற்றி அமைத்தது. எப்படி மாற்றியது? பதிவு செய்யும் வசதியையும் ஒலிபெருக்கியையும் எடுத்துவிட்டு, இரண்டு காதிலும் இசை கேட்கிற மாதிரி செய்தது. பதிவு செய்யாத டேப் மெஷினை யார் வாங்குவார்கள் என்று கம்பெனிக்குள்ளேயே கேட்டார்களாம். உலகம் முழுக்க வாங்கினார்கள்.

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு வாக்மேன் வாங்க வசதி கிடையாது. தங்கசாலைப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. காலி கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால், ஏ பக்கம், பி பக்கம் என்று பிரித்துப் பதிந்து, அட்டையில் அழகாக எழுதியும் கொடுப்பார்கள். 60 நிமிட கேசட்டில் எந்தப் பாட்டை விடுவது என்று அக்காவும் நானும் இரண்டு நாள் சண்டை போட்டிருக்கிறோம். பிறகு கேசட் சிக்குவதும், பென்சிலை விட்டுச் சுற்றுவதும், நம் கடற்கரை ஈரத்தில் நாடா பூஞ்சை பிடிப்பதும் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

அடுத்து எம்பி3. சிடியில் ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 10 எம்பி இடம் வேண்டும். ஒரு பெரிய சத்தம் கேட்கும்போது அதன் பக்கத்துச் சின்னச் சத்தங்களை நம் காது கவனிப்பதில்லை. அப்படிக் காது கவனிக்காததைக் கழித்துவிட்டு, ஒரு நிமிடத்தை ஏறக்குறைய 1 எம்பிக்குள் சுருக்கும் கணக்கு இது. ஜெர்மனியில் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்டவர்கள் பல வருடம் உழைத்தார்கள். கோப்புக்கு எம்பி3 என்ற பெயரை அங்கே முடிவு செய்தது 1995 ஜூலை 14-இல்.

கையில் எடுத்துப் போகும் எம்பி3 பிளேயர் 1998-இல் வந்தது. முதலில் தென்கொரியாவின் எம்பிமேன், அதே வருடம் அமெரிக்காவில் ரியோ. உள்ளே இருந்த இடம் 32 எம்பி. அதாவது அரை மணி நேரப் பாட்டு. இசைக் கம்பெனிகள் ரியோ மீது வழக்குப் போட்டு 1999-இல் தோற்றன. 2001 அக்டோபர் 23-இல் ஆப்பிள் ஐபாடை அறிமுகம் செய்தது. 5 ஜிபி, 1,000 பாட்டு, விலை 399 டாலர். நம் ஊரில் அந்த விலைக்கு யார் போவார்கள்? சில வருடங்களில் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் தீப்பெட்டி அளவு பிளேயர்கள் வந்து குவிந்தன. பெயர் தெரியாத அந்தச் சீனப் பிளேயர்களில் பலவற்றில் வாக்மேனில் இல்லாத ஒரு பட்டன் இருந்தது. குரல் பதிவுப் பட்டன்.

அந்தப் பட்டனைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனை நீளம் எழுதினேன்.

சோனி ஜப்பானில் கேசட் வாக்மேன் விற்பதை 2010-இல் நிறுத்தியது. ஐபாட் கதையை 2022 மே மாதம் ஆப்பிள் முடித்து வைத்தது. ஆனால் அவற்றில் கேட்ட சினிமாப் பாட்டு எதுவும் அவற்றோடு சாகவில்லை. எச்எம்வி என்று நாம் அறிந்த கம்பெனியின் வாரிசு சரிகம. அவர்கள் ஒரு காலத்தில் தட்டில் விற்ற பாட்டுகளைக் கேசட்டில் விற்றார்கள், சிடியில் விற்றார்கள். 2017-இல் பழைய ரேடியோ மாதிரி 'காரவான்' என்று ஒரு பெட்டி செய்து, 5,000 பாட்டுகளை உள்ளே போட்டு மறுபடியும் விற்றார்கள். தமிழ்ப் பாட்டுக்கும் தனிப் பெட்டி வந்தது. விற்கக்கூடிய பாட்டை வியாபாரி எப்படியாவது அடுத்த பெட்டிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அவருக்கு அதில் பிழைப்பு இருக்கிறது. அதைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டாம்.

விற்க முடியாததை யார் தூக்குவார்கள்? உங்கள் பாட்டி பேசியதை, உங்கள் குழந்தை முதலில் அம்மா என்று சொன்னதை எந்தக் கம்பெனியும் அடுத்த பெட்டிக்கு மாற்றித் தராது. அந்தச் சரக்குக்கு நாம்தான் கம்பெனி.

என் பிளேயர் 2007-இல் வாங்கியது. 1 ஜிபி. அதில் இருந்த பாட்டெல்லாம் இன்று போனில் தேடினால் வருகிறது. வராதவை ஒன்பது கோப்புகள். ஒன்று, 2008-இல் என் அம்மா பாடிய தாலாட்டு. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பெயரையெல்லாம் வரிசையாகக் கோத்து அவரே கட்டியது. நடுவில் குக்கர் விசில் வரும், பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில் கூவுவதும் கேட்கும். அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது. அந்தத் தாலாட்டை முழுவதும் பாடத் தெரிந்தவர் எங்கள் குடும்பத்தில் இப்போது ஒருவரும் இல்லை. இன்னொரு கோப்பு, 2009 ஆண்டு விழாவுக்கு எங்கள் பள்ளியின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒத்திகை பார்த்தது. பாதிப் பாட்டில் ஒரு பையன் சிரித்துவிட, எல்லோரும் சிரித்து, நான் அதட்டுவதும் அதில் இருக்கிறது.

பேட்டரி மாற்றலாமா என்று ஒரு கடையில் காட்டியபோது, "இதுல என்னம்மா இருக்கு, குப்பையில போடுங்க" என்றார் கவுன்டரில் இருந்த தம்பி. அவர் சொன்னது வியாபாரக் கணக்கில் சரி. தங்கை மகன் அன்றைக்கு ராத்திரியே ஒன்பது கோப்பையும் கணினிக்கு மாற்றிக் கொடுத்தான். இப்போது அவை நான்கு வீட்டில் இருக்கின்றன.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

1. பழையதை முதலில் கணினியில் செருகுங்கள். பழைய பிளேயர்களுக்குப் பெரும்பாலும் மினி யுஎஸ்பி கேபிள் வேண்டும். இன்றைய போன் கேபிள் பொருந்தாது. செருகியதும் பென் டிரைவ் மாதிரி திறக்கும். ரெக்கார்டு, வாய்ஸ் என்ற பெயரில் போல்டர் இருக்கிறதா பாருங்கள். உங்கள் குரல்கள் அங்கேதான் இருக்கும். ஐபாடாக இருந்தால் பாட்டுகள் மறைந்த போல்டரில், புரியாத நான்கு எழுத்துப் பெயர்களில் கிடக்கும். பயப்பட வேண்டாம். பாட்டின் பெயர் பொதுவாகக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும்.

2. அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். இந்தச் சின்ன மெமரி சிப்புகள் மின்சாரம் இல்லாமல் பல வருடம் கிடந்தால் உள்ளே இருப்பது மெல்ல அழியலாம். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், நெம்பாதீர்கள். தெரிந்தவரிடம் கொடுங்கள். தூக்கிப் போடுவதாக இருந்தாலும் வீட்டுக் குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

3. புதிது வாங்குவதென்றால் மெமரி கார்டு போடும் இடம் இருக்கிறதா, கணினியில் செருகினால் நேராகத் திறக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் அந்தப் பெட்டி கெட்டாலும் கார்டைக் கழற்றி அடுத்ததில் போட்டுக்கொள்ளலாம்.

4. போனே போதும் என்றாலும் சரிதான். ஆனால் மாதச் சந்தா கட்டிக் கேட்கும் பாட்டு வாடகை வீடு. சந்தா நின்றால் இறக்கி வைத்ததும் திறக்காது. காசு கொடுத்து வாங்கியதற்கும் உத்தரவாதம் இல்லை. மைக்ரோசாஃப்ட் தன் எம்எஸ்என் மியூசிக் கடையில் விற்ற பாட்டுகளுக்கான உரிமச் சேவையை நிறுத்தப்போவதாக 2008-இல் அறிவித்தது. வாங்கியவர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் 2011 வரை நீட்டித்தது. வாடகை வீட்டில் இருப்பது தவறில்லை. அம்மாவின் தாலிக்கொடியை அங்கே சுவரில் மாட்டிவிட்டு வராதீர்கள், அவ்வளவுதான்.

5. எடுத்த குரல் கோப்புகளுக்கு உடனே பெயர் வையுங்கள். யார், எந்த வருடம், எந்த ஊர் என்று எழுதுங்கள். வெறும் எண்ணோடு விட்டால் உங்கள் பேரனுக்கு அது யார் குரல் என்றே தெரியாது. குறைந்தது மூன்று இடத்தில் வையுங்கள். அதில் ஒன்று வேறு வீடாக இருக்கட்டும்.

'காளிதாஸ்' பெட்டிக்குத் தேங்காய் உடைத்தவர்கள் நம்மைவிடப் பாட்டை நேசித்தவர்கள். ஆனால் இன்னொரு பிரதி எடுத்து வைக்கும் வழி அவர்கள் கையில் இல்லை. நம் கையில் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை.

2009-இல் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளைகளே, உங்கள் குரல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. யாருக்கு வேண்டுமோ எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். சிரித்தது யார் என்று எனக்குத் தெரியும், இங்கே சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
யானைக்கவுனி.